சந்து முனைக் கம்பம்

உங்கள் காவல் நிலையத்தின் வாசல் மேப்பில் தப்பான பக்கத்தில் இருக்கிறது, சார். பெரிய கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டி, அதன்மேல் கொடியே படர்ந்துவிட்டது. எல்லாரும் பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் வந்துபோகிறார்கள், என்னையும் அந்த வழியாகத்தான் அழைத்து வந்தீர்கள். மேப்பிலோ இன்னும் பெரிய கேட்டைத்தான் வாசல் என்று போட்டிருக்கிறது. அப்போதே சரி செய்திருப்பேன், என் போனை உறையில் போட்டு ஒட்டிவிட்டீர்கள். திரும்பக் கிடைத்ததும் முதல் வேலை அதுதான்.

எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். சாலைப் பலகை செய்யும் பட்டறையில் ஸ்டோர் பார்ப்பவன் நான். 'நில்', 'ஒருவழிப் பாதை', 'பள்ளி உள்ளது, மெதுவாகச் செல்' எல்லாம் என் கை வழியாகத்தான் ஊருக்குள் போகின்றன. ஊரில் பாதிப் பேர் நான் சொல்லித்தான் நிற்கிறார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. உண்மையில் ஒருத்தரும் நிற்பதில்லை, அது வேறு விஷயம்.

அக்கா எனக்கு வைத்த பெயர் லேபிள். அம்மா இல்லாத வீட்டில் என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலிருந்து நான் காகிதம் கிழித்து, பசை தடவி, எதிலாவது ஒட்டிக்கொண்டே இருப்பேனாம். சர்க்கரை டப்பாவில் 'சர்க்கரை', கதவில் 'கதவு'. ஒரு நாள் அவள் முதுகில் 'அக்கா' என்று ஒட்டிவிட்டேன். அவள் அதோடு பள்ளிக்கூடம் போய், வகுப்பே பார்த்துச் சிரித்த பிறகு, சாயங்காலம்தான் தெரிந்துகொண்டாள். திட்டுவாள் என்று கட்டிலுக்கு அடியில் ஒளிந்தேன். குனிந்து பார்த்து, "சரியாத்தானே எழுதியிருக்க, வெளிய வா" என்றாள். உலகத்தில் எனக்கு அவளைப் போல யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பிறகு சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

கல்யாணம் எனக்கு ஆகவில்லை. அக்கா காட்டிய பெண்களை எல்லாம் நான் வகை பிரித்துப் பார்த்தேன், அவர்களும் என்னை ஒரே பார்வையில் வகை பிரித்துவிட்டார்கள். அதனால் எனக்கு மேப் போடுவதற்கு நேரம் கிடைத்தது.

இந்த மேப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். இது ஊர்க்காரர்களே கூடிப் போடுவது, எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் ஒரு கோடு வரையலாம். வரைந்த கோட்டுக்கு ஒரு டேக் கொடுக்க வேண்டும். தெருவா, நடைபாதையா, வாய்க்காலா என்று அதுதான் சொல்லும். டேக்கை வைத்துத்தான் மேப் வழி காட்டுகிறது. தெரு என்று போட்டால் அந்த வழியாக வண்டியை அனுப்பும், நடைபாதை என்று போட்டால் சுற்றி அனுப்பிவிடும். பார்சல் கொண்டுவருகிறவர்கள் இதைத்தான் பார்க்கிறார்கள். எங்கள் ஊர் ஆம்புலன்ஸ்காரர்களும் இதைத்தான் பார்க்கிறார்கள். அது எனக்குத் தெரியும் என்பதையும் இப்போதே எழுதிவிடுகிறேன்.

சம்பளம் கிடையாது, ஆனால் சண்டைக்குக் குறைவில்லை. மாடிப்படிக்குக் கீழே மெஷின் போட்டுத் தைக்கும் தையல்காரரைக் கடை என்று குறிக்கலாமா என்று ஒரு மழைக்காலம் முழுக்க வாதாடினேன். கூரை இருக்கிறது, கதவு இல்லையே. கடைசியில் நான் ஜெயித்து, டேக்கை மாற்றப் போனபோது அவர் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார். அதையும் ஒரு வெற்றியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அக்கா வீட்டுக்காரர், அதாவது என் அத்தான், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பொழுது போகாமல் அக்காவின் சமையலில் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தார். "இவரை எங்கயாவது கூட்டிட்டுப் போடா, என் உயிரை வாங்குறாரு" என்று அக்கா சொன்னதால், நான்தான் அவருக்கு மேப் போடக் கற்றுக்கொடுத்தேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். அவருக்கு ஊரின் ஒவ்வொரு திருப்பமும் கைரேகை மாதிரி தெரியும். 'ஹாரன்' என்று பெயர் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார், கொஞ்ச நாளில் எங்கள் குழுவில் எல்லாரும் எதற்கெடுத்தாலும் ஹாரன் அண்ணனைக் கேளுங்கள் என்றார்கள். என் பெயர் அங்கே 'சரிபார்ப்பவன்'. என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை, நானாகச் சொன்னதோடு சரி.

ஒருமுறை அவர் நாற்சந்தியில் எப்போதும் படுத்திருக்கும் நாயை வேகத்தடை என்று குறித்துவிட்டார். நான் அழித்தேன். 'எல்லா வண்டியும் அங்க ஸ்லோ ஆகுதா இல்லியா?' என்று எழுதினார். குழுவே சிரித்தது. நாய் அசையும் பொருள், மேப்பில் சேராது என்று ஒன்றரைப் பக்கம் விளக்கம் எழுதினேன், ஒருத்தரும் படிக்கவில்லை. எனக்குப் பொறாமை என்று நினைப்பீர்கள். ஆமாம், பொறாமைதான். அதற்கு வேறு டேக் கிடையாது.

இனி சந்துக்கு வருகிறேன்.

அக்கா வீட்டுக்குப் போகும் சந்து நீளமானது. ஒரு பக்கம் கிடங்கின் மதில், மறுபக்கம் வாய்க்கால், கடைசியில்தான் வீடுகள். மேப்பில் அதை நடைபாதை என்று போட்டது நான். நான் அளந்து பார்த்த இடத்தில் அவ்வளவு அகலம்தான் இருந்தது. அத்தான் அதைத் தெரு என்று மாற்றினார். நான் திருப்பி மாற்றினேன். அவர் மறுபடி மாற்றினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவர் என்னிடம் கெஞ்சுகிற குரலில் பேசினார்.

"மாப்ளே, நாயி விஷயம் விளையாட்டு. இது அப்படி இல்ல. உங்க அக்காவுக்கு மூச்சு இழுத்தா, ஆம்புலன்ஸ் ரயில்வே கேட்டைச் சுத்தித்தான் வருது. ஏன்னா மேப்ல நீ நடைபாதைன்னு போட்டு வெச்சிருக்க. போன தடவை கேட்டு சாத்திட்டாங்க. நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

அக்காவுக்கு ஆஸ்துமா. படிக்கட்டில் நின்று நின்று ஏறுவாள், நடுவில் நின்றது தெரியாமலிருக்க ஏதாவது பேச்சு கொடுப்பாள். எனக்கு அது தெரியாதா, சார். தெரியும். ஆனால் டேக் என்பது ஒருவருடைய உடம்புக்கு ஏற்ப வைப்பதல்ல. தரையில் என்ன இருக்கிறதோ அதைத்தான் போட வேண்டும். அதை அவரிடம் நிதானமாக எடுத்துச் சொன்னேன். அக்கா ரசம் ஊற்ற வந்த கரண்டியோடு நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். "ஏன்டா, ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லையா?" என்றாள்.

விஷயம் டீச்சரிடம் போனது. டீச்சர் என்பவர் எங்கள் குழுவைப் பார்த்துக்கொள்கிறவர், கணக்கு டீச்சர். அவர் சொன்னால் மேல்முறையீடு கிடையாது. அவர் போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வண்டி போனா தெரு. போகலேன்னா நடைபாதை. வீட்ல உக்காந்து அடிச்சுக்காதீங்க, போய்ப் பாருங்க."

அத்தான் போய்ப் பார்த்தார். ஒரு வேனை இரவல் வாங்கி, மதிலில் ஒரு கீறல் விழாமல் சந்துக்குள் ஓட்டிக்கொண்டு போய், வீட்டு வாசலில் நிறுத்தி, பக்கத்தில் அக்காவை நிற்க வைத்துப் படம் எடுத்துப் போட்டுவிட்டார். படத்தில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். சந்து தெரு ஆகிவிட்டது. குழுவில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள்.

நான் தோற்றதை ஒப்புக்கொண்டேன். டீச்சர் சொன்ன விதி நியாயமானது, தரையில் இருப்பதுதான் மேப். ரொம்ப நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மேப்பை மாற்ற எனக்கு வழியில்லை. ஆனால் தரையை மாற்றக் கூடாது என்று யாரும் விதி போடவில்லை.

பட்டறையில் மடக்குக் கம்பம் என்று ஒன்று செய்கிறோம். பாதையின் நடுவில் நிறுத்துவது. தரையில் துளை போட்டு, அடித்தட்டை போல்ட் வைத்து இறுக்கினால் நிற்கும், அடியில் உள்ள பூட்டில் சாவியைப் போட்டுத் திருகினால் தரையோடு படுத்துவிடும். மடங்காத கம்பமும் ஸ்டோரில் இருந்தது, விலையும் குறைவு. நான் வேண்டுமென்றேதான் மடக்குக் கம்பத்தை எடுத்தேன். அவசரத்துக்கு வழி வேண்டுமே என்றுதான். என்னை ஈவிரக்கம் இல்லாதவன் என்று நீங்கள் முடிவு கட்டுவதற்கு முன் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பட்டப்பகலில்தான் நட்டேன். ஒளிரும் மேல்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, முன்னும் பின்னும் ஆரஞ்சுக் கூம்பு வைத்துவிட்டால் நடுத்தெருவில் கிணறு வெட்டினாலும் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். மேல்சட்டை என் வயிற்றுக்கு மேல் மூடவில்லை, அதனால் இன்னும் அசல் அரசாங்க ஆள் மாதிரி இருந்தேன். ஸ்கூட்டரில் வந்த அம்மா ஒருவர் நின்று, "எத்தனை தடவை எழுதிப் போட்டோம், இப்பவாவது வந்தீங்களே" என்று நன்றி சொல்லிவிட்டு, கம்பத்தின் ஓரமாக நுழைந்து போனார். ரொம்ப நாளைக்குப் பிறகு என் வேலைக்கு ஒருவர் நன்றி சொன்னது அன்றுதான்.

நகராட்சிதான் நட்டது என்று ஊரே நினைத்தது. அத்தான் குதித்தார். நகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். அங்கே, எங்கள் கணக்கில் அப்படி ஒரு கம்பமே இல்லை, பார்த்துச் சொல்கிறோம் என்றார்களாம். இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, அக்கா பரிமாறியதைச் சாப்பிட்டுக்கொண்டே, "அநியாயம் அத்தான்" என்று தலையாட்டினேன். நடிப்பு எனக்கு வராது என்று நினைத்திருந்தேன். நன்றாகவே வந்தது.

நான் உடனே மேப்பை மாற்றியிருக்கலாம். மாற்றியிருந்தால் ஆம்புலன்ஸ் இந்தப் பக்கம் வந்தே இருக்காது, முதலிலேயே கேட்டைச் சுற்றிப் போயிருக்கும். மாற்றாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அந்த டேக்கை அவரே மாற்ற வேண்டும் என்று எனக்கு ஆசை. ஹாரன் தன் கையால் 'தெரு'வை அழித்து 'நடைபாதை' என்று எழுத வேண்டும், அதைக் குழு பார்க்க வேண்டும். "இப்ப வண்டி போகல இல்லியா, மாத்திருங்களேன் அத்தான்" என்று ஜாடையாகச் சொல்லியும் பார்த்தேன்.

"நாலு நாள்ல புடுங்கிருவாங்க மாப்ளே. தற்காலிகமா இருக்கிறதை மேப்ல ஏத்தக் கூடாதுன்னு நீதானே எனக்குச் சொல்லிக் குடுத்த" என்றார். நான் கற்றுக்கொடுத்ததில் அவர் மறக்காதது அது ஒன்றுதான்.

அக்கா அன்று வாசல் வரை என்னோடு வந்தாள். பேசுவதற்கு முன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சைச் சேர்த்துக்கொண்டாள்.

"டேய் லேபிளு, எனக்கு ஏதாவதுன்னா அந்தக் கம்பத்தைத் தாண்டி வண்டி எப்படிடா வரும்?"

"அவசரத்துக்குத் திறப்பாங்கக்கா. அதுக்குச் சாவி இருக்கும்."

"யார்கிட்ட?"

"யாராவது வெச்சிருப்பாங்க" என்றேன். அவள் அதை நம்பினாள். நான் சொன்ன எதையும் அவள் நம்பாமல் இருந்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட வரச் சொல்லியிருந்தாள். அத்தான் மறுபடியும் நகராட்சிக்குப் போயிருந்தார், கம்ப விஷயமாகத்தான். அதனால் வீட்டில் அவள் தனியாக இருந்தாள். நான் பட்டறையிலிருந்து நடந்து வந்து சந்து முனையை எட்டியபோது, சைரனை நிறுத்தாமல் ஒரு ஆம்புலன்ஸ் கம்பத்துக்கு முன்னால் நின்றது. டிரைவர் இறங்கி வந்து கம்பத்தை ஒரு உதை உதைத்தார்.

"யார் சார் இதை இங்க நட்டது? மேப்ல ரோடுன்னுதானே காட்டுது?" என்றார்.

சார், இந்த இடத்தில் உண்மையை மறைக்க விரும்பவில்லை. அந்த வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மேப் தப்பு என்று இதுவரை நான் ஒருவன்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சம்பந்தமே இல்லாத ஒரு டிரைவர், தொழில்காரர், நடுச்சந்தில் நின்று சொல்கிறார். டீச்சர் கேட்ட ஆதாரம் இதைவிட என்ன இருக்க முடியும். போனை எடுத்து, கம்பமும் வண்டியும் ஒன்றாக வரும்படி தள்ளி நின்று பிடித்தேன். அப்போது போன் அடித்தது. அழைப்பு வந்தால் கேமரா மறைந்துவிடும் அல்லவா. துண்டித்தேன். மறுபடி அடித்தது, மறுபடி துண்டித்தேன். படம் நன்றாக விழுந்தது. அது உங்களிடம்தான் இருக்கிறது.

வண்டியிலிருந்த உதவியாளர் பையைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் ஓடினார். ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் ஓட முடியாது என்று, டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்துக் கேட்டுப் பக்கமாகப் போனார். அங்கே சரக்கு ரயிலுக்காகக் கேட்டைச் சாத்தியிருந்தார்கள். இது உங்கள் விசாரணையில் ஏற்கெனவே வந்திருக்கும். நான் சந்து வழியாக நடந்து போனேன். நடந்துதான் போனேன், நடைபாதைதானே. வீட்டுக்குள் உதவியாளர் மண்டியிட்டு அவள் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். மேசையில் இரண்டு தட்டு வைத்து மூடியிருந்தது. அக்காவின் கையில் போன் இருந்தது. அதற்குப் பிறகு வண்டி வந்தது, சிலிண்டரும் வந்தது.

நான் அழுதேன், சார். நடிப்பில்லை.

அத்தான் வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டார். யாருடைய ஆறுதலும் அவர் காதில் ஏறவில்லை. பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நான்தான்டா கொன்னுட்டேன். ரோடுன்னு போட்டது நான்தானே. நீ சொன்னியே, நடைபாதைன்னு. நீ சொன்னதுதான்டா சரி" என்றார்.

அவரை அணைத்துக்கொண்டேன். இல்லை அத்தான், உங்கள் மேல் தப்பில்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. ஆனால் அவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்பது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. எல்லாம் முடிந்து, அவளைக் கொண்டுபோய்விட்டு வந்த மறுநாள், சந்தை நடைபாதை என்று மாற்றினேன். காரணம் எழுதும் இடத்தில், 'களத்தில் உறுதி செய்யப்பட்டது, முந்தைய பதிவரின் ஒப்புதலுடன்' என்று எழுதினேன். ஒரு எழுத்துக் கூடப் பொய்யில்லை.

அதோடு நிறுத்தியிருந்தால் நீங்கள் என்னைத் தேடி வந்திருக்கமாட்டீர்கள். என் கிறுக்குத்தனம் விடவில்லை. கம்பத்தையும் மேப்பில் ஏற்ற வேண்டும் அல்லவா. வகை: மடக்குக் கம்பம். பூட்டு: உண்டு. அடுத்து, நிறுவியவர் யார் என்று ஒரு கட்டம். தெரியாதவர்கள் அதைக் காலியாக விடலாம், தெரிந்துகொண்டே விடுவது முறையல்ல. நகராட்சி என்று போடலாம், ஊரே அப்படித்தான் நம்புகிறது. ஆனால் அது தப்பான தகவல். இத்தனை வருஷத்தில் தெரிந்தே ஒரு தப்பான டேக் நான் வைத்ததில்லை. அத்தானிடம் பொய் சொன்னேன், அக்காவிடம் சொன்னேன், உங்களிடமும் முதல் நாள் சொன்னேன். மேப்பில் மட்டும் எனக்குக் கை வரவில்லை. 'சரிபார்ப்பவன்' என்று என் பெயரையே போட்டேன்.

டீச்சர் சாயங்காலமே கூப்பிட்டார். "இது என்ன விளையாட்டு?" என்றார். "விளையாட்டில்ல டீச்சர், சரியான தகவல்" என்றேன். போனை வைத்துவிட்டார். பிறகு அவர் உங்களிடம் வந்தார். சரியாகத்தான் செய்தார், எனக்கு அவர்மேல் வருத்தம் இல்லை.

கம்பத்தை அறுத்து எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் சந்து மறுபடி தெரு. என் பதிவு இப்போது தப்பாக நிற்கிறது. யாராவது கவனித்து மாற்றிவிட்டால் நல்லது.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்ட ஒரு கேள்வியை மட்டும் நான் இதுவரை சுற்றிக்கொண்டு போகிறேன். ஆம்புலன்ஸ் யாருக்காக வந்தது என்று தெரியாது என்று முதலில் சொன்னேன். அது சரியல்ல. நான் துண்டித்த இரண்டு அழைப்பிலும் திரையில் 'அக்கா' என்றுதான் வந்தது. அதுவும் நான் வைத்த லேபிள்தான். டிரைவர் கம்பத்தின் அடியில் இருந்த பூட்டைப் பார்த்துவிட்டு, "சார், இதுக்குச் சாவி யார்கிட்ட இருக்கும்?" என்று என்னிடம்தான் கேட்டார். சாவி என் சட்டைப் பையில், வீட்டுச் சாவியோடு ஒரே வளையத்தில் இருந்தது. நகராட்சியில் கேளுங்கள் என்றேன்.

ஏன் திறக்கவில்லை என்கிறீர்கள். திறந்திருந்தால் வண்டி போயிருக்கும், சார். வண்டி போனால் அது தெரு.